அவரை எப்படிக் கூப்பிடுவது?

உப்பு ஜாடி அவர் பக்கம் இருந்தது. எனக்கு உப்பு வேண்டும். நடுவில் நான்கு பேர். அவருக்கு வயது 71. என் எதிரே உட்கார்ந்திருந்த பிரேசில் பெண்ணுக்கு 19. அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அதுவும் பாதிப் பெயர். உப்பை வாங்கித் தன் சூப்பில் போட்டுக்கொண்டு, எனக்கும் வேண்டுமா என்று புருவத்தால் கேட்டாள். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் வாயால் வாங்கிய உப்பு எனக்கு எதற்கு என்ற வீம்பாக இருக்கலாம். உருளைக்கிழங்கு சூப்பை அன்று சப்பென்றே குடித்து முடித்தேன்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் டிரெஸ்டனிலிருந்து ரயிலில் லோபாவ் வந்து, அங்கே பஸ் பிடித்து ஹெர்ன்ஹூட்டில் இறங்கினேன். ஜெர்மனியின் கிழக்கு ஓரம், சாக்சனி மாநிலம். போலந்தும் செக் நாடும் கூப்பிடு தூரம். செக் நாட்டின் மொராவியாப் பகுதியிலிருந்து விசுவாசத்துக்காகத் தப்பி வந்தவர்களுக்கு 1722-இல் சின்சென்டார்ஃப் பிரபு தன் நிலத்தில் இடம் கொடுக்க, அவர்கள் மரம் வெட்டிக் கட்டிய ஊர். 1727-இல் 24 ஆண்களும் 24 பெண்களும் மணி பிரித்துக்கொண்டு தொடங்கிய ஜெபச் சங்கிலி நூறு வருடத்துக்கு மேல் அறுபடாமல் ஓடியது என்ற கதையை நம் வாலிபர் முகாம்களில் கேட்காதவர் யார்? அந்தக் கதையின் ஊரிலேயே மிஷனரிப் பயிற்சி என்றதும் முழங்காலும் கண்ணீருமாக ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்துகொண்டு வந்தேன். முதல் வாரம் ஜெபத்தைவிடக் குப்பையைப் பற்றித்தான் அதிகம் கற்றேன். காகிதம் ஒரு தொட்டி, பிளாஸ்டிக் இன்னொன்று, காய்கறித் தோல் வேறொன்று. தயிர் டப்பாவின் மூடியைக் கிழித்துத் தனியே போட வேண்டும் என்று ஒரு சகோதரி எனக்கு இரண்டு முறை பாடம் எடுத்தார். இரவுச் சாப்பாடு என்றால் ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரி ஊறுகாய், எல்லாம் ஆறியது. இதெல்லாம் பழகிவிடும், பழகியும் விட்டது. பழகாத ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நாள் மாலை, முப்பது சொச்சம் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, பயிற்சியின் தலைவரான அந்த 71 வயதுக்காரர் சொன்னார்: இங்கே பட்டம் கிடையாது, பதவி கிடையாது, எல்லாரையும் எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், என்னையும். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எவ்வளவு அழகான விஷயம் என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலை காபி இயந்திரத்தின் முன்னால் அவர் முதுகைக் காட்டி நின்றபோது, எனக்கு வழி வேண்டும், வாய் திறக்கிறது, வார்த்தை வரவில்லை.

பெயர் இல்லாத மூன்று வாரம்

அவர் பெயரை இங்கேயும் நான் எழுதப் போவதில்லை. நாக்கில் வராதது விரலில் மட்டும் எப்படி வரும்?

பாளையங்கோட்டையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1820-இல் எங்கள் ஊருக்கு மிஷனரியாக வந்து, 1838-இல் அங்கேயே அடக்கமானவரை இருநூறு வருடம் கழித்தும் ரேனியஸ் ஐயர் என்றுதான் சொல்கிறோம். வெறும் ரேனியஸ் என்று சொன்னால் யாரோ எங்கள் வீட்டுப் பெரியவரை வாசலில் நிற்க வைத்ததுபோல் இருக்கும். எங்கள் ஆச்சி கடைசிவரை தாத்தா பெயரைச் சொன்னதில்லை. தாத்தா பெயர் யோசுவா. குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்கும் முறை ஆச்சிக்கு வந்து, அன்றைய பகுதி அந்தப் புத்தகமாக அமைந்துவிட்டால், "மோசேக்கு அப்புறம் வந்தவர் எழுதினது, முதலாம் அதிகாரம்" என்று தொடங்குவார். உள்ளே அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் ஒரு சின்ன இருமல். எரிகோ மதில் இடிந்து விழும் அதிகாரத்தில் ஆச்சிக்குச் சளி பிடித்துவிட்டதோ என்று தோன்றும். நாங்கள் போர்வைக்குள் சிரிப்போம். அந்த இருமல்தான் எனக்கு ஹெர்ன்ஹூட்டில் கைகொடுத்தது.

ஒருவரைக் கூப்பிடாமலே மூன்று வாரம் ஒரே வீட்டில் வாழ்வது ஒரு கலை. அவர் பார்வை படும் இடத்தில் போய் நிற்க வேண்டும். கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக மேசையில் வைக்க வேண்டும். அவர் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு முடியும்வரை அருகில் இருக்கும் அறிவிப்புப் பலகையை ஆழ்ந்து படிக்க வேண்டும். சமையல் முறைப் பட்டியலை நான் மனப்பாடமாகச் சொல்வேன் என்றால் காரணம் இதுதான். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்று என்பதால் பேச்சு தொடங்கிவிட்டால் தப்பித்துவிடலாம். தொடங்குவதுதான் பாடு. ஜெர்மானியர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும் என்று நினைத்தேன், அவர்கள் மொழியிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. ஆனால் சமையலறைப் பொறுப்பில் இருந்த அம்மா முதல் நாளே என்னை நீ என்று அழைத்து, தன்னையும் நீ என்றே அழைக்கும்படி சொல்லிவிட்டார். சபைக்குள் நீங்கள் என்று சொன்னால் ஆளைத் தள்ளி வைப்பதுபோல் அவர்களுக்கு. அவர் வயது என் அம்மாவின் வயது. அன்றைக்கு நான் அந்த வாக்கியத்தை வினைச்சொல்லே இல்லாமல் பேசினேன். ஒரு கத்தி, வெங்காயம், எங்கே, என்று.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் நான் ஆசிரியை. கடைக்காரர், ஆட்டோக்காரர், சபை மூப்பர் எல்லாருக்கும் நான் டீச்சர். 28 வயதில் 60 வயதுக்காரர்கள் டீச்சர் என்று கூப்பிடுவது எவ்வளவு இதமானது என்பது அது நின்றுபோன பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிரேசில் பெண் என்னையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள், அதையும் பாதியாக வெட்டி. பெரியவருக்கு மரியாதை குறைகிறதே என்று நான் பட்ட வருத்தத்தில் எத்தனை பங்கு எனக்காக நானே பட்டுக்கொண்டது என்று கணக்குப் பார்த்தால் முகம் சுருங்கும்.

தரையோடு படுத்த கற்கள்

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹூட்பெர்க் மேட்டுக்கு நடந்தேன். அங்கேதான் இவர்களுடைய கல்லறைத் தோட்டம், கடவுளின் வயல் என்று பெயர். கத்தரித்த லிண்டன் மரங்கள் வரிசையாக நிற்க, நடுவே ஆயிரக்கணக்கில் கற்கள், எல்லாம் ஒரே மாதிரி, தரையோடு படுத்திருக்கின்றன. சிலுவை கிடையாது, தூதர் சிலை கிடையாது. குடும்பக் கல்லறையும் கிடையாது. இறந்த வரிசையில் அடக்கம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம். எங்கள் ஊர்க் கோயிலில் உட்காருவதுபோலவே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சூரினாம், லாப்ரடார் என்று தூர தேசப் பெயர்கள் பொறித்த கற்களைத் தேடித் தேடிப் படித்தேன். தரங்கம்பாடி கிடைக்குமா என்று பார்த்தேன். பாசியைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தும் கிடைக்கவில்லை.

சமத்துவம் என்றால் இதுதான் என்று மனம் இளகிக்கொண்டிருக்கும்போதே நடுப்பாதைக்கு வந்துவிட்டேன். அங்கே சின்சென்டார்ஃப் பிரபுவின் கல்லறையும் அவர் குடும்பத்தாருடையவையும் இடுப்புயரத்துக்கு எழும்பிப் பெரிய பெரிய கற்களாகக் கிடக்கின்றன. எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. இங்கேயும் ஐயாவுக்கு மேடை உண்டு! எல்லாரும் சகோதரர் என்று சொன்ன ஊரும் தன் பிரபுவைத் தரையோடு படுக்க வைக்கக் கூசியிருக்கிறது. அந்தக் கூச்சம் எனக்குத் தெரிந்த கூச்சம்.

அந்த வெற்றிக் களிப்பு அன்று இரவே வடிந்தது. 1732-இல் இந்த ஊரிலிருந்து முதல் மிஷனரிகளாகப் புறப்பட்ட டோபரும் நிட்ச்மனும், ஒருவர் குயவர், ஒருவர் தச்சர், தங்களையே அடிமைகளாக விற்றுக்கொண்டு கரீபியன் கடலின் செயின்ட் தாமஸ் தீவுக்குப் போனார்கள் என்று முகாம்களில் கேட்டு அழுதிருக்கிறேன். அவசியமானால் அடிமையாகவும் தயார் என்று சொன்னது உண்மை, விற்றுக்கொண்டது நடக்கவில்லை. நடந்தது வேறு. சில வருடத்துக்குள் அந்தத் தீவில் மிஷன் ஒரு கரும்புத் தோட்டத்தை வாங்கியது, அதில் வேலை செய்த அடிமைகளோடு சேர்த்து. ஞானஸ்நானம் பெற்ற அடிமையைச் சகோதரன் என்று கூப்பிட்டார்கள், சகோதரி என்று கூப்பிட்டார்கள், அவர்களுக்கு உடைமையாளராகவும் இருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது முரட்டுத்தனம், எங்கள் அண்ணனும் அக்காவும் ஐயாவும்தான் அன்பு என்று மூன்று வாரமாக மனதுக்குள் நான் நடத்தி வந்த வழக்கில் இது எதிர்த் தரப்பின் சாட்சி. உறவுமுறை சொல்லி அழைத்துக்கொண்டே ஒருவரை விலைக்கு வாங்கி வைத்திருக்க முடிந்திருக்கிறது.

நம் கதையும் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சபையின் அசனப் பண்டிகை, அதாவது சபையார் கூடி உண்ணும் விருந்து, அதன் கணக்கில் அரிசி மூட்டை எண்ணிக்கை இடித்தது. கணக்கை எழுதியவள் நான், எனக்குத் தெரியும். கமிட்டியில் அதைச் சரி என்று கையெழுத்திட்டவர் எனக்குப் பெரியப்பா முறை, என் அப்பாவுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர். "பெரியப்பா" என்று தொடங்கினேன். அந்த வார்த்தைக்குப் பிறகு "நீங்கள் செய்தது தவறு" என்ற வார்த்தை வரவே முடியாது. இரண்டும் ஒரு வாக்கியத்தில் உட்காராது. "பெரியப்பா, டீ ஆறிவிடும்" என்று முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு

நான்காம் வாரம் செவ்வாய். பெரியவர்தான் மிஷன் வரலாறு எடுப்பார். இங்கிலாந்துக்காரர், நல்ல குரல். வில்லியம் கேரியைப் பற்றிப் பேசினால் அந்தக் குரல் தழுதழுக்கும், செருப்புத் தைத்தவர், எத்தனை மொழி கற்றவர் என்று. அன்றும் தழுதழுத்தது. 1793-இல் வங்காளத்தில் கால் வைத்த கேரிதான் இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரி என்று சொல்லிவிட்டு, அன்போடு என்னைப் பார்த்து, நம் இந்தியச் சகோதரியின் தேசத்துக்கு அப்படித்தான் சுவிசேஷம் போனது, என்றார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் புன்னகைத்தேன்.

புன்னகைத்துக்கொண்டே எனக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1706 ஜூலை 9. தரங்கம்பாடி. ஞாயிறு பள்ளியில் தேதி சொல்லாவிட்டால் பரிசு கிடையாது. சீகன்பால்க் ஐயரும் புளூச்சோ ஐயரும் கப்பலிலிருந்து இறங்கியது கேரிக்கு 87 வருடம் முன்பு. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகிவிட்டது, கேரி பிறக்கவே இல்லை. அதைவிட முக்கியமாக, நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த ஊரே ஒரு வகையில் தரங்கம்பாடிக்குக் கடன்பட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கேயின் பள்ளியில் படித்த பையன் சின்சென்டார்ஃப், அங்கே சாப்பாட்டு மேசையில் தரங்கம்பாடியிலிருந்து வந்த சேதிகளைக் கேட்டுத்தான் தூர தேச ஊழியத்தின் மேல் ஆசை கொண்டான். இத்தனையும் தொண்டை வரை வந்து நிற்கிறது. வெளியே வர ஒரு வாசல் வேண்டும். தமிழில் அந்த வாசல் எப்போதும் ஒன்றுதான். பெரியவரைத் திருத்துவதற்கு முன்னால் அவர் பெரியவர்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் அவரை எப்படித் திருத்துவது?

கையைத் தூக்கினேன். அவர் என் பெயரைச் சொல்லி, சொல் என்றார். அறை அமைதியானது. மூன்றரை வாரத்து இருமல்கள் எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டன. அப்புறம் வாய் தானாகத் திறந்தது.

"ஐயா."

தமிழில்தான் சொன்னேன். அது யாருக்கும் புரியாது என்பதும் அந்த நொடியில் தெரியும். ஆனால் அதைச் சொன்னதும் மடை திறந்த மாதிரி மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் கொட்டியது. தேதி, கப்பல், புதிய ஏற்பாடு, ஹாலே, சாப்பாட்டு மேசை. 1714-இல் சீகன்பால்க் ஐயரோடு கப்பலேறி, ஹாலேயில் தங்கி, 1716-இல் அங்கே அச்சான தமிழ் இலக்கண நூலுக்கு உதவிய மலையப்பன் என்ற தமிழரைப் பற்றிச் சொன்னேன். அவரையும் இந்தக் குளிரில் யாராவது பாதிப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன், அதை மட்டும் சொல்லவில்லை. ஹெர்ன்ஹூட்காரர்களே 1760-இல் தரங்கம்பாடிக்குப் போய்ப் பக்கத்தில் தோட்டம் வாங்கிக் குடியேறியதையும், ஏற்கெனவே அங்கிருந்த ஹாலே மிஷனரிகளுக்கு அது பிடிக்காததையும், நிக்கோபார் தீவில் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் போனதையும் சொன்னேன். எங்கள் திருநெல்வேலிச் சபை 1903-இலேயே சொந்தமாக மிஷனரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியது என்றும், நான் ஐந்தாம் தலைமுறை என்றும், என் பெற்றோர் எப்போது மதம் மாறினார்கள் என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம் என்றும் சொன்னேன். கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகம். டீச்சர் குரல் வந்துவிட்டது.

அவர் பலகையில் எழுதியிருந்த 1793-ஐப் பார்த்தார். துடைப்பானை எடுத்து, அதற்குப் பக்கத்தில் இருந்த "முதல்" என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டு, மேலே 1706 என்று எழுதினார். நன்றி சொன்னார், சாதாரணமாக, ஜன்னலைச் சாத்தினால் சொல்வதுபோல. பிறகு கேட்டார், நீ முதலில் என்னை என்னவோ சொன்னாயே, அது என்ன?

எங்கள் பெரியப்பா அந்த அரிசிக் கணக்கில் இப்படித் துடைப்பானை எடுத்திருப்பாரா என்று யோசித்தேன். எடுத்திருக்கலாம். நான்தான் டீ ஆறுகிறது என்று சொல்லிவிட்டேனே. அவருக்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை. மரியாதை என்ற பெயரில் நான் அவரை எவ்வளவு சின்ன மனிதராக எண்ணியிருக்கிறேன் என்று நினைத்தபோது கல்லறைத் தோட்டத்தில் அடைந்த நிம்மதி முழுதாகப் போய்விட்டது. இருந்தாலும், அந்த ஒரு சொல் இல்லாமல் அன்று நான் வாய் திறந்திருக்க மாட்டேன் என்பதும் நிச்சயம். அதை விட்டுக்கொடுக்க இப்போதும் மனம் வரவில்லை.

அர்த்தம் சொன்னேன். அப்பாவையும் சொல்வோம், போதகரையும் சொல்வோம், தெரியாத பெரியவரையும் சொல்வோம், என்றேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அன்று மதியமே அந்தப் பிரேசில் பெண் மேசையின் கோடியிலிருந்து கத்தினாள், "ஐயா! உப்பு!" உப்பு என்பதை மட்டும் ஆங்கிலத்தில். மறுநாள் கொரியாக்காரர், சுவிஸ்காரர் எல்லாரும் ஐயா. ஒரு வாரத்தில் அது அவருடைய பட்டப்பெயராகிவிட்டது. சமையல் முறைப் பட்டியலில் அவர் பெயரை யாரோ அடித்துவிட்டு ஐயா என்று ஆங்கில எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். நான் ஒளித்து வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து ஊரே புழங்கியதுபோல் இருந்தது எனக்கு. ஐயா என்று சொல்லிவிட்டு அவர் தோளில் கை போடுகிறார்கள்! ஐயா, உன் சட்டை உள்வெளியாக இருக்கிறது, என்கிறார்கள். என் மரியாதை இப்போது எதில் இருக்கிறது?

அந்த வியாழக்கிழமை இரவு அடிபிடித்த பாத்திரங்கள் கழுவும் முறை. பட்டியலில் ஐயா, அடுத்து என் பெயர். நான் ஓடிப்போய்க் கம்பிச்சுருளை எடுக்குமுன் அவர் கையில் அது இருந்தது. கேட்டேன், தரவில்லை. ஏப்ரன் கட்டிக்கொண்டு, முழங்கை வரை நுரையோடு, பருப்பு அடிபிடித்த பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்தார். உள்ளேயிருந்து குரல் எதிரொலித்தது, மலையப்பனைப் பற்றி இன்னும் சொல், என்று.

இரவு அம்மா போன் செய்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பை, 1706-ஐ, பலகையை. அம்மாவுக்கு அது எதுவும் பெரிதாகப் படவில்லை.

"அந்தப் பெரிய ஐயாவா பாத்திரம் தேய்த்தார்?"

"ஆமாம்மா."

"71 வயதிலா?"

"ஆமாம்."

வெகுநேரம் சத்தமில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நீ துடைத்தாவது வைத்தாயா பிள்ளை?"